தந்தம் யாருக்குப் போகிறது? யானை வேட்டை உரிமங்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

ஜிம்பாப்வேயின் வேட்டை நிறுவனங்கள் வெளியிடும் விலைப்பட்டியலை முதன்முறை பார்ப்பவர் குழம்பிப்போவார். ‘டிராபி ஆண்’ என்று ஒரு வரி. ‘ஏற்றுமதிக்கு இல்லாத ஆண்’ என்று அடுத்த வரி. ‘தந்தமில்லாப் பெண்’ என்று மூன்றாவது. சில பட்டியல்களில் ‘பயிரழிக்கும் யானை’ என்று நாலாவதும் இருக்கும். நான்கும் ஒரே காட்டில் திரிபவை. கூட வரும் ஆட்களும் துப்பாக்கியும்கூட ஒன்றே. விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாக நிற்கும்.

அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. வனவியல் படிக்கிறவர்கள், காட்டுயிர் செய்தி எழுதுகிறவர்கள், ஜிம்பாப்வே, நமீபியா, போட்ஸ்வானா தலைநகரங்களான ஹராரே, விண்ட்ஹூக், கபரோனே பக்கம் வேலைக்குப் போய், உள்ளூர் நண்பர் ‘வேட்டைக்கு வருகிறாயா’ என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று விழிக்கிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். யானை சுடப்படுவதைப் பார்க்க எனக்கு ஆசை கிடையாது. ஆனால் எந்த வகை வேட்டை என்றே தெரியாமல் கொதிப்பவர்களையும் தெரியாமல் தலையாட்டுபவர்களையும் நிறையப் பார்த்தாயிற்று.

ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: செத்த யானையின் தந்தம் யாருக்குப் போகிறது? சுட்டவருடைய வீட்டுக்குப் போனால் அது டிராபி வேட்டை, அதாவது வெற்றிச் சின்னத்துக்கான வேட்டை. அரசுக் கிடங்குக்குப் போனாலும், யானைக்குத் தந்தமே இல்லாவிட்டாலும் டிராபி அல்லாதது. யானையின் பருமனுக்கோ, அது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கோ இதில் இரண்டாம் இடம்தான்.

படி 1: எந்த நாடு என்று பாருங்கள்

‘ஆப்பிரிக்காவில் யானை வேட்டை’ என்று பொதுவாகப் பேசுவதில் பொருளில்லை. கென்யா 1977-இலேயே விளையாட்டு வேட்டையை முழுக்கத் தடைசெய்துவிட்டது. பக்கத்திலிருக்கும் தான்சானியாவில் வேட்டை சட்டபூர்வம். அங்கே தந்தத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு, அதற்குக் கீழே உள்ள ஆணைச் சுட்டால் குற்றம். போட்ஸ்வானா 2014 ஜனவரியில் வேட்டையை நிறுத்தி, 2019 மே மாதம் மீண்டும் திறந்தது. யானைக்கு நாட்டெல்லை தெரியாது. போட்ஸ்வானாவின் சோபே ஆற்றங்கரையில் காலையில் தண்ணீர் குடித்த கூட்டம் மாலையில் நமீபியாவில் மேயும். ஆற்றைக் கடந்ததும் அதற்கான சட்டம் மாறிவிடும்.

நாட்டுச் சட்டத்துக்கு மேலே, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை நிற்கிறது. 1989-இல் ஆப்பிரிக்க யானை முழுவதும் அதன் முதலாம் பட்டியலில், அதாவது வணிகம் அறவே கூடாத பட்டியலில், சேர்க்கப்பட்டது. 1997-இல் போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளின் யானைகளும், 2000-இல் தென்னாப்பிரிக்காவின் யானைகளும், கட்டுப்பாட்டோடு வணிகத்துக்கு இடம் தரும் இரண்டாம் பட்டியலுக்கு இறக்கப்பட்டன. மற்ற நாடுகளின் யானைகள் இன்றும் முதலாம் பட்டியலில்தான் இருக்கின்றன. நடைமுறையில் இதன் விளைவு: முதலாம் பட்டியல் நாட்டிலிருந்து, வணிகமாகக் கருதப்படாத டிராபி கிளம்ப, அனுப்பும் நாடு, பெறும் நாடு ஆகிய இரண்டின் அனுமதியும் வேண்டும். இரண்டாம் பட்டியல் நாட்டுக்கு அனுப்பும் நாட்டின் அனுமதி போதும். ஆனால் பெறும் நாடு தன் பங்குக்கு இன்னொரு பூட்டுப் போடலாம், பெரும்பாலும் போடுகிறது.

டிராபி என்பதற்கும் சைட்ஸ் வரையறை வைத்திருக்கிறது. வேட்டையாடியவரே சட்டப்படி அடைந்ததாக இருக்க வேண்டும். அவருடைய சொந்தப் பயன்பாட்டுக்காக இருக்க வேண்டும். அவர் வழக்கமாக வசிக்கும் நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அது டிராபி அல்ல, தந்தக் கடத்தல். நண்பர் சுட்டதை நான் வாங்கிக்கொள்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேட்டையை அனுமதிக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் டிராபி ஏற்றுமதிக்கென்று ஆண்டு ஒதுக்கீடு உண்டு. ஜிம்பாப்வே பல ஆண்டுகளாக 500 யானைகள், 1,000 தந்தங்கள் என்றே வைத்திருக்கிறது. போட்ஸ்வானாவுக்கு 400-ஐ ஒட்டி, தென்னாப்பிரிக்காவுக்கு 150, நமீபியாவுக்கு 90. கணக்கு யானையில் மட்டுமல்லாமல் தந்தத்திலும் வைக்கப்படுவதைக் கவனியுங்கள். எல்லையில் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருள் அதுதான். பின்னால் சொல்லப்போகும் வகைப்பாடு முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

படி 2: நிலம் யாருடையது?

தேசியப் பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. வேட்டை நடப்பது அதைச் சுற்றியுள்ள நிலங்களில். ஜிம்பாப்வேயில் இவை பல வகை: மடெட்சி, செவோரே போன்ற அரசின் சஃபாரி நிலங்கள்; ஊரக மாவட்ட மன்றங்களின் பொறுப்பிலுள்ள பொதுநிலங்கள்; வனத்துறைக் காடுகள்; சாவே பள்ளத்தாக்கு போன்ற தனியார் காப்பகங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் இனவாரியாகத் தனி ஒதுக்கீடு எழுதப்பட்டிருக்கும். பக்கத்து நிலத்தில் மீதமிருக்கும் யானையை இந்த நிலத்தில் சுட முடியாது. 2015-இல் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் சுடப்பட்டபோது அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டின் சாரம் இதுதான்: அந்த நிலத்துக்குச் சிங்க ஒதுக்கீடே இல்லை.

நிலம் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் பணமும் பிரியும். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நில உரிமையாளர்களுக்குத் தங்கள் நிலத்துக் காட்டுயிர்மீது அதிகாரம் கொடுத்தது. 1982-இல் அந்த அதிகாரம் மாவட்ட மன்றங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன்மேல்தான் 1980-களின் இறுதியில் ‘கேம்ப்ஃபயர்’ திட்டம் எழுந்தது. வேட்டை வருமானத்தில் 55 விழுக்காடு யானையோடு வாழும் ஊர்களுக்குப் போக வேண்டும் என்பது அதன் வழிகாட்டு விதி. விதி ஏட்டில் இருக்கிறது. மன்றத்தின் கணக்கிலிருந்து ஊரின் கணக்குக்குப் பணம் எப்போது வருகிறது என்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் நிரந்தரப் புகார். நமீபியாவில் 1996-இன் சட்டத்திருத்தம் ‘கன்சர்வன்சி’ என்ற சமூகக் காப்பகங்களுக்கு வழிவிட்டது. அங்கே நிறுவனம் நேராகக் காப்பகத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. இடையில் ஒரு மேசை குறைவு. எனக்கு இந்த ஏற்பாடே மேலானதாகத் தோன்றுகிறது.

படி 3: உரிமத்தில் என்ன வரி இருக்கிறது?

இதுதான் கட்டுரையின் நடுக்கூடம். அவசரப்படாமல் படியுங்கள்.

டிராபி ஆண். பெரிய தந்தமுள்ள, வயது முதிர்ந்த ஆண் யானை. தந்தம் வேட்டைக்காரருக்கு. ஏற்றுமதி ஒதுக்கீட்டில் இரண்டு தந்தங்கள் கழியும். ஒற்றைத் தந்தக்காரனாக இருந்தால் ஒன்று கழியும். விலை உச்சத்தில் இருப்பது இந்த வகைக்குத்தான். 2020 பிப்ரவரியில் போட்ஸ்வானா அரசு, பத்துப் பத்து யானைகளாக ஏழு தொகுப்புகளை ஏலம் விட்டது. ஏலத்தில் கலந்துகொள்ளவே 2 லட்சம் புலா (அந்நாட்டு நாணயம்) வைப்புத்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஆறு தொகுப்புகள் விற்று, 2.57 கோடி புலா வந்தது. ஒரு யானைக்கு ஏறக்குறைய 39,000 அமெரிக்க டாலர் என்று கணக்காகிறது. இது நிறுவனங்கள் அரசுக்குக் கொடுத்த விலை மட்டுமே. முகாம், வண்டி, ஆள், நாட்கூலி எல்லாம் சேர்த்து வெளிநாட்டு வேட்டைக்காரரிடம் வாங்குவது அதற்கு மேல்.

ஏற்றுமதிக்கு இல்லாத ஆண். இதுவும் ஆண்தான், தந்தமும் இருக்கும்; ஆனால் சிறியதாகவோ உடைந்ததாகவோ இருக்கும். சுட்டவர் எடுத்துக்கொண்டு போவது புகைப்படமும் அனுபவமும்தான். தந்தம் அரசின் பூங்காத் துறைக்குப் போகும், இறைச்சி ஊருக்குப் போகும். தந்தம் நாட்டைவிட்டுப் போகாததால் ஏற்றுமதிக் கணக்கு தொடப்படுவதில்லை. அதனால்தான் விலை இறங்குகிறது. ஆனால் நிலத்தின் ஒதுக்கீட்டில் ஒரு யானை குறையத்தான் செய்யும். ‘டிராபி அல்லாதது என்றால் கணக்கில் வராதது’ என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். சைட்ஸ் கணக்கில் வராது. நிலத்தின் கணக்கில் வரும்.

தந்தமில்லாப் பெண். நமக்கு மோழை என்றால், மக்னா என்றால், தந்தமில்லாத ஆண் யானை. ஆசியப் பிடிகளுக்குப் பொதுவாகவே வெளியே நீண்ட தந்தம் கிடையாது என்பதால் பெண்ணைத் தனியாக அப்படிப் பிரிக்க நமக்குத் தேவை இருந்ததில்லை. ஆப்பிரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. அங்கே தந்தமில்லாமல் பிறப்பவை ஏறக்குறைய எல்லாமே பெண்கள். காரணம் மரபணுவில் இருக்கிறது. மொசாம்பிக்கின் கோரோங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. அதற்குப் பின் தந்தமில்லாப் பெண்களின் பங்கு 18.5 விழுக்காட்டிலிருந்து 50.9 விழுக்காட்டுக்கு ஏறியதை 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இந்தப் பண்பு எக்ஸ் குரோமோசோம் வழியே வருகிறது என்றும், ஆண் கருவுக்கு அது உயிர்க்கொல்லியாக அமைகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. தந்தவேட்டை தந்தமில்லாதவற்றை வாழவிட்டது. இப்போது அந்தத் தந்தமில்லாதவற்றுக்கும் தனி வரியில் ஒரு விலை.

விலை குறைவு என்பதால் புதிதாக வருபவர்கள் இந்த வகையைத்தான் முதலில் கேட்பார்கள். வழிகாட்டிகளோ இதைத்தான் மிக ஆபத்தானது என்பார்கள். முதிய ஆண் தனியாகவோ இரண்டு மூன்று பேரோடோ திரியும். பெண்ணை அணுகக் கூட்டத்துக்குள் போக வேண்டும். கன்றுகளும் தாய்களும் எல்லாப் பக்கமும் நிற்கும். தந்தமில்லாப் பெண் முன்கோபக்காரி என்ற பெயரும் உண்டு.

தொல்லை யானை. பட்டியலில் ‘பயிரழிக்கும் யானை’ என்று வரும் நாலாவது வரி இதுதான்: பயிரை மேய்ந்த, ஆளைக் கொன்ற, தண்ணீர்த் தொட்டியை உடைத்த யானை. முதல் வேலை தொல்லையை நிறுத்துவது, வேட்டை பிறகு. யாரைக் கொல்வது என்பதை நடந்த சம்பவம் தீர்மானிக்க வேண்டும், வாடிக்கையாளர் தீர்மானிக்கக் கூடாது. ஜிம்பாப்வேயில் இதைப் பெரும்பாலும் பூங்காத் துறைக் காவலர்களே செய்கிறார்கள். சில இடங்களில் பணம் கட்டிய வேட்டைக்காரரைக் கொண்டுவந்து செலவை ஈடுகட்டுகிறார்கள். அங்கேதான் புகையத் தொடங்குகிறது. மக்காச்சோளத்தை மேயாத யானைக்கு ஆறு மாதம் முன்பே எப்படி முன்பதிவு செய்ய முடியும்? ‘அடுத்த ஆகஸ்டில் ஒரு தொல்லை யானை உறுதி’ என்று யாராவது சொன்னால், ஆகஸ்டில் நடக்கப்போகும் குற்றத்துக்கு இப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்று பொருள்.

நமீபியாவின் வூர்ட்ரெக்கர் விவகாரத்தை இந்த இடத்தில் தெரிந்துகொள்ளுங்கள். பாலைநிலத்தில் வாழப் பழகிய முதிய ஆண் அது. சுற்றுலாப் பயணிகளுக்கும் அப்பகுதி மக்களுக்கும் பெயர் சொல்லித் தெரிந்த யானை. 2019-இல் ஓமத்ஜெட்டே பகுதியில் அது தொல்லை விலங்கு என்று அறிவிக்கப்பட்டது. கட்டணம் செலுத்திய வேட்டைக்காரர் ஒருவர் சுட்டார். தொல்லை கொடுத்தது வேறு யானைகள், இது சாது என்று சுற்றியிருந்த காப்பகங்கள் சில எதிர்த்தன. அமைச்சகம் தன் முடிவைத் தற்காத்தது. எது உண்மை என்று இங்கே தீர்க்க முடியாது. உரிமத்தின் பெயர் ‘தொல்லை’ என்றும், பணத்தின் ஓட்டம் ‘டிராபி’ என்றும் இருக்கும்போது எந்த யானை தேர்ந்தெடுக்கப்படும் என்ற சந்தேகம் எழாமல் இருக்காது.

மேலாண்மைக் கொலை, சொந்தப் பயன்பாடு. இவை விற்பனைப் பட்டியலில் வராது. நமீபியாவின் காப்பகங்களுக்குச் சொந்த இறைச்சித் தேவைக்கென்று தனி ஒதுக்கீட்டு வரி உண்டு. 2024 வறட்சியில் அந்த நாடு 723 காட்டு விலங்குகளைச் சுட்டு இறைச்சியை மக்களுக்குக் கொடுக்க முடிவெடுத்தது. அவற்றில் 83 யானைகள். அடுத்த மாதமே ஜிம்பாப்வே 200 யானைகளுக்கு அதே போன்ற அறிவிப்பைச் செய்தது. 2025-இல் சாவே பள்ளத்தாக்கில் முதற்கட்டமாக 50 யானைகளைக் குறைக்கப்போவதாகச் சொன்ன பூங்காத் துறை, இறைச்சி ஊராருக்கு, தந்தம் அரசுக்கு என்று அறிவிப்பிலேயே எழுதியது. நம் கேள்விக்கு இவ்வளவு நேரான பதில் அரிது. இத்தகைய செய்திகளுக்குக் கீழே டிராபி வேட்டைக்காரரின் படத்தைப் போடும் பத்திரிகைகளைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது.

படி 4: துப்பாக்கியும் உடன் வருபவரும்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். டிராபியோ இல்லையோ, யானைக்கான துப்பாக்கி விதி ஒன்றே. ஜிம்பாப்வேயில் குண்டின் விட்டம் 9.2 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 5.3 கிலோஜூலுக்கும் குறையக் கூடாது. நமீபியாவில் 5.4 கிலோஜூல். நடைமுறையில் .375 மேக்னம் ரகத் துப்பாக்கிதான் தொடக்கக் கோடு. மான் வேட்டைத் துப்பாக்கியோடு வருபவரைத் திருப்பி அனுப்புவார்கள், அனுப்ப வேண்டும்.

யானை போன்ற ஆபத்தான விலங்குக்கு முழு உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டி கூட இருந்தே ஆக வேண்டும். ஜிம்பாப்வேயில் அந்த உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, துப்பாக்கித் தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி, கடைசியில் காட்டில் பல நாள் நேர்முகச் சோதனை எல்லாம் உண்டு. பயிற்சி உரிமம் வைத்திருப்பவர் தனியாக யானை வேட்டையை நடத்தக் கூடாது. நமீபியாவில் ‘பெருவிலங்கு வழிகாட்டி’ என்ற தனித் தகுதி இருக்கிறது. அங்கே டிராபி வேட்டைக் காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. வழிகாட்டியின் உரிம அட்டையைப் பார்க்கக் கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டால் முகம் சுளிப்பவரோடு போகாதீர்கள்.

படி 5: சுடுவதற்கு முன்னால்

எந்த உரிமமாக இருந்தாலும் காலை வேலை ஒன்றுதான்: யானை நீர் குடிக்கும் கரையில் காலடி பார்ப்பது. முன்காலடித் தடத்தின் சுற்றளவைப் போல் இருமடங்கு ஏறத்தாழத் தோள் உயரம் என்பது நம் பாகன்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆப்பிரிக்கத் தடம் பார்ப்பவர்கள் அதோடு குதிகாலையும் பார்ப்பார்கள். இளம் ஆணின் தடத்தில் வெடிப்புக் கோடுகள் விளிம்பு வரை தெளிவாகப் பதியும். முதியவனின் குதிகால் தேய்ந்து, மண்ணில் வழவழப்பாக விழும். தடம் பெரிது, குதி வழவழ என்றால் மணிக்கணக்கில் நடக்கலாம். தடம் பெரிது, ஆனால் கோடுகள் கூர்மை என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் பையன், விட்டுவிடுவார்கள்.

தந்தத்தை மதிப்பிடுவது அடுத்த கலை. தந்தத்தின் எடையைச் சொல்லும்போது இரண்டையும் கூட்டிச் சொல்வதில்லை. கனமான ஒன்றின் எடையைப் பவுண்டில் சொல்வது வழக்கம். வெளியே தெரியும் நீளத்தைவிட உதட்டோரத் தடிமனுக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் மறைந்திருக்கும். அதிலும் கணிசமான பகுதி உள்ளீடற்ற குழி. நீளமாக வளைந்து மெலிந்த தந்தம் கண்ணைப் பறிக்கும், தராசில் ஏமாற்றும்.

‘இனப்பெருக்க வயதைக் கடந்த கிழவனைத்தான் சுடுகிறோம்’ என்று வேட்டைத் தரப்பு சொல்வதை அப்படியே விழுங்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் பூங்காவில் 1990-களில் பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த இளம் ஆண் யானைகள் காண்டாமிருகங்களைக் கொல்லத் தொடங்கின. 1998-இல் முதிய ஆண்களைக் கொண்டுவந்து விட்டபிறகு அது அடங்கியது. கிழவனுக்கும் கூட்டத்தில் வேலை இருக்கிறது.

தந்தமில்லாப் பெண்ணுக்கான உரிமத்தில் சோதனை இன்னும் கடினம். பக்கவாட்டில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு பக்கம் தந்தம் இல்லாமல், மறுபக்கம் விரல் நீளத்தில் முளை இருக்கலாம். உடைந்த தந்தத்தின் அடிக்கட்டை உதட்டுக்குள் ஒளிந்திருக்கலாம். அப்படி ஒன்று தெரியவந்தால், அது உரிமத்தில் எழுதப்படாத யானை. அபராதமும் விசாரணையும் வழிகாட்டியின் தலையில் விழும். அதனால் புதருக்குள் குந்தியபடி, அவள் தலையைத் திருப்பும்வரை, இரு பக்க உதடும் தெரியும்வரை காத்திருப்பார்கள். அதற்குள் காற்று திசைமாறினால் அன்றைய வேலை முடிந்தது. அவள் பின்னால் பால்குடிக் கன்று இருந்தாலும் முடிந்தது. கன்றோடு இருக்கும் தாயைச் சுடுவதில்லை.

கழுத்துப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். 2019 இறுதியில், வேட்டை திரும்பத் தொடங்கிய கையோடு, போட்ஸ்வானாவில் ஆய்வுக்காகக் கண்காணிப்புப் பட்டை மாட்டப்பட்டிருந்த ஆண் யானை ஒன்று சுடப்பட்டது. சுட்டபின் தடயத்தை மறைக்கப் பட்டையை அழித்துவிட்டார்கள். தொழில்முறை வழிகாட்டிகள் இருவர் உரிமத்தை இழந்தார்கள். அழிக்காமல் உடனே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பது என் எண்ணம்.

காயம்பட்டுத் தப்பிய யானையும் சுடப்பட்ட யானையாகவே கணக்கில் எழுதப்படும். முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள். தப்பிய யானையைப் பின்தொடர்ந்து முடிப்பது வழிகாட்டியின் கடமை. அதைக் கைவிட்டால் அடுத்த ஊரில் யாராவது சாவார்கள்.

படி 6: விழுந்த பிறகு

இறைச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பொதுநிலமாக இருந்தால் வெடிச்சத்தம் கேட்டே ஊர் வந்துவிடும். ஐந்தாறு டன் எடையுள்ள ஆண் அன்று மாலைக்குள் எலும்பும் ஈர மண்ணுமாகிவிடும்.

தந்தம் எடுக்க நேரமாகும். மண்டையோட்டைச் சுற்றிக் கோடரியால் சிறுகச் சிறுகச் செதுக்குவார்கள். ஒரு வெட்டு தவறித் தந்தத்தில் பட்டால் அது என்றும் மறையாத தழும்பு. அவசரமில்லாதவர்கள் தலையைச் சில நாள் அழுகவிட்டுத் தந்தத்தை உருவிவிடுவார்கள். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் நரம்புக்கூழை இழுத்தெடுத்து, குழியில் புல்லைத் திணித்து நிழலில் வைப்பார்கள். வெயிலில் விட்டால் வெடிக்கும். காயக் காய எடையும் குறையும். அதனால் முதல் எடை எப்போது, யார் முன்னிலையில் போடப்பட்டது என்பது தாளில் இருக்க வேண்டும்.

பிறகு முத்திரை. முழுத் தந்தத்தில், ஈறிலிருந்து வெளிவரும் கோட்டருகே, நாட்டின் ஈரெழுத்துக் குறி, அந்த ஆண்டின் வரிசை எண், ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், கிலோவில் எடை ஆகியவை அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். துண்டுகளுக்கும் இது பொருந்தும்: 20 சென்டிமீட்டர் நீளமும் ஒரு கிலோ எடையும் தாண்டினால் முத்திரை வேண்டும். டிராபி அல்லாத வேட்டையின் தந்தத்துக்கும் எடையும் பதிவும் உண்டு. அது பூங்காத் துறைக் கிடங்குக்குப் போகும்போது ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிராபி அல்லாத வேட்டையில் உங்களிடம் மிஞ்சும் முக்கியமான தாள் அதுதான். முகாமிலேயே ‘சின்னத் தந்தம்தானே, வைத்துக்கொள்’ என்று யாராவது நீட்டினால் கையை நீட்டாதீர்கள்.

தோலும் வால்மயிரும் தனி விதிகளுக்கு உட்பட்டவை. தந்தம் கிடைக்காத உரிமம் என்பதால் மற்றதெல்லாம் தாராளம் என்று எண்ண வேண்டாம். எந்தப் பாகம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் பாகம் பாகமாக எழுதி வாங்குங்கள்.

படி 7: ஊருக்குப் போகும் வழி

இது டிராபிக்கு மட்டும். ஏற்றுமதி அனுமதி கையில் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் துறைமுகத்தில் மாட்டுவார்கள். அமெரிக்கா 2014-இல் ஜிம்பாப்வே, தான்சானியா யானை டிராபிகளை நிறுத்தியது; 2018 முதல் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது; 2024 மே முதல் நடைமுறைக்கு வந்த விதி, அனுப்பும் நாடு தன் யானைப் பாதுகாப்பைப் பற்றி ஆண்டுதோறும் சான்று தர வேண்டும் என்கிறது. ஒரு வேட்டைக்காரருக்கு ஆண்டுக்கு இரண்டு யானை டிராபிக்கு மேல் இல்லை என்பது அங்கே 2016 முதலே விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் இரண்டாம் பட்டியல் யானைக்கும் இறக்குமதி அனுமதி கேட்கிறது. பெல்ஜியம் 2024-இல் கதவையே மூடிவிட்டது. ஜெர்மனியும் கெடுபிடியைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது போட்ஸ்வானாவின் அன்றைய அதிபர் மசிசி, 20,000 யானைகளை அனுப்பிவைக்கிறேன், நீங்களே வளர்த்துப் பாருங்கள் என்றார். கோபத்தில் சொன்னதுதான்; 1,30,000 யானைகளோடு வாழும் நாட்டுக்காரரின் கோபம்.

இந்தியர்களுக்கு விஷயம் எளிது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்த திருத்தம், இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகத்தையும் தடைசெய்தது. ஆப்பிரிக்காவில் சட்டப்படி சுட்டது என்ற வாதத்தோடு சென்னை விமான நிலையத்தில் தந்தத்தோடு இறங்க நினைக்காதீர்கள். தந்தத்தில் செய்த வளையலும் இதில் அடக்கம். நம் நாட்டில் தொல்லை யானைக்கும் பாதை வேறு. 1873-இல் சென்னை மாகாணம் யானைப் பாதுகாப்புக்கென்றே சட்டம் போட்டது. இன்று மனித உயிருக்கு ஆபத்தான யானையைக்கூடத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ உத்தரவில்லாமல் தொட முடியாது. அப்போதும் கும்கியும் மயக்க ஊசியும்தான் முதலில் வரும். 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிபட்ட அரிக்கொம்பன் என்ற யானை களக்காடு முண்டந்துறைக்குப் போனான். ஜிம்பாப்வேயின் பட்டியலில் அவன் நாலாவது வரியில் வந்திருப்பான்.

இனி ஒரு விளம்பரமோ செய்தியோ உங்கள் முன் வந்தால், முதலில் நாட்டையும் நிலத்தின் பெயரையும் தேடுங்கள். இரண்டும் எழுதப்படாத விளம்பரத்தை ஒதுக்கிவிடலாம். பிறகு உரிமத்தின் வகை. அந்த வகைக்கு அந்த நிலத்தில் இந்த ஆண்டு ஒதுக்கீடு மீதமிருக்கிறதா என்பதற்கு எழுத்துச் சான்று. வழிகாட்டியின் உரிம எண். தந்தமும் தோலும் இறைச்சியும் யாருக்கு என்ற பட்டியல். காயம்பட்டுத் தப்பினால் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரி. தொல்லை யானை என்றால், எந்தத் தேதியில் எந்த ஊரில் என்ன நடந்தது என்ற புகார் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். புகாரின் தேதி முன்பதிவின் தேதிக்குப் பின்னால் இருந்தால், பணத்தைக் கட்டாதீர்கள். நீங்கள் செய்தி எழுதுபவராக இருந்தால், உங்கள் செய்தி அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.